அறியாத சொல்லும் ஏவலின் அறமும்

ஏவலாளன் ஒருவன் தனக்கு இடப்பட்ட ஏவலை விளங்கிக்கொள்ளாதவிடத்து யாது செய்தல் வேண்டும்? ஊகித்து நிறைவேற்றலாம், விளங்கவில்லை என மறுக்கலாம், மீண்டும் வினவலாம், விளங்காத சொல்லை இல்லாததாகக் கொண்டு எஞ்சியதைச் செய்து முடிக்கலாம். இந்நான்கனுள் எது அறம் என்னும் வினா மனித உறவுகளைப் பொறுத்தவரை மிகப் பழையது. கணனிக்குக் கட்டளை மொழிகளை வகுத்தோர் அதற்கு இலக்கண விதிகளால் விடையிறுக்க நேர்ந்தது.

பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் போர்ன் ஆக்கி, 1979இல் யுனிக்ஸ் முறைமையின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பயன்படுத்துவோர் இடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் செய்நிரலே ஷெல் எனப்படுவது. அதன் இலக்கணத்தில் வரியின் முதற்சொல் வினை. இடைவெளி விட்டுத் தொடரும் சொற்கள் அவ்வினையைச் சார்ந்தவை. எனவே, மாறியொன்றுக்குப் பெறுமானம் வழங்குங்கால் பெயரும் சமன்குறியும் பெறுமானமும் இடைவெளியின்றி ஒட்டி நிற்றல் வேண்டும். இடைவெளி விட்டு எழுதின், மாறியின் பெயரையே கட்டளையெனக் கருதித் தேடும் ஷெல், அது காணப்படவில்லை என அறிவித்து நின்றுவிடும. இக்கண்டிப்புத் தொடக்க மாணவருக்கு எரிச்சலூட்டலாம். ஆயினும் அதில் நேர்மை உண்டு.

ஆனால், அதே ஷெல் பெயரின்பால் வேறொரு நீதியைக் கைக்கொள்கிறது. பெறுமானம் வழங்கப்படாத மாறியொன்றை எடுத்தாண்டால் அதனை வழு எனக் கூறுவதில்லை. அவ்விடத்தை வெறுமையாக்கிவிட்டு மேலே செல்கிறது. கோப்புறையொன்றின் பெயரை மாறியில் வைத்து, அதனையடுத்துச் சாய்கோடும் ‘அனைத்தும்’ எனப் பொருள்தரும் உடுக்குறியும் இட்டு, அழிக்குமாறு பணிக்கும் வரியொன்றைக் கருதுக. மாறியின் பெயரில் ஓரெழுத்துப் பிழைப்பின் பெயர் மறைந்து சாய்கோடும் உடுக்குறியுமே எஞ்சும். தனித்து நிற்கும் சாய்கோடு முழு முறைமையின் வேரைக் குறிப்பது. ஒரு கோப்புறையை நீக்க எழுந்த ஏவல் எல்லாவற்றையும் அழிக்கப் புகும். வினையை அறியாதவிடத்து நின்று கூறும் ஏவலாளன், பெயரை அறியாதவிடத்து வாய்திறவாது வாளை வீசுகிறான்.

இதற்கும் நியாயம் கூறலாம். இருப்பினும் இல்லாவிடினும் பணி தடைப்படாத பெயர்கள் பல. ஒவ்வொன்றையும் முன்னரே வரையறுக்குமாறு வற்புறுத்தின் சிறு பணியும் பெருஞ்சுமையாகும். எனினும், ஏறத்தாழ அதே காலத்தில் பேர்க்லியில் பில் ஜோய் ஆக்கிய சீ ஷெல், வரையறுக்கப்படாத மாறியைக் கண்டதும் வழு என அறிவித்து நிற்கிறது. ஆகவே, வெறுமை என்பது இயற்கை நியதியன்று. வகுத்தோர் செய்த தெரிவு. போர்ன் ஷெல்லிலும் இக்கண்டிப்பை வேண்டிப் பெறும் வழி உண்டு. ஆனால், ஆபத்தை அறியாதவர் அதனை வேண்டுவதில்லை. காவல் எவருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது எட்டாதுபோகிறது.

மறுமுனையில் நிற்பது ஊகம். வாரன் டைட்டல்மன் லிஸ்ப் மொழிச் சூழலுக்கென ஆக்கிய, ‘நான் கருதுவதைச் செய்’ எனப் பெயர்பூண்ட வசதி, எழுத்துப்பிழைகளைத் தானே திருத்த முயன்றது. இன்டர்லிஸ்பில் அதற்கு எச்சரிக்கை நிலை, நம்பிக்கை நிலை என இரண்டு இருந்தன. முன்னதில் ஒப்புதல் கேட்கும். பின்னதில் பெரும்பாலும் கேளாமலே திருத்தும். அவ்வூகம் பிழைப்பின், ஏவியவர் கருதாததை அவர் பெயராலேயே செய்ததாக முடியும்.

இலக்கண நூலார் அறியா வினாவையும் ஐய வினாவையும் வேறுபடுத்துவர். ஒன்றை அறியாதவன் வினவுவது முன்னது. இதுவோ அதுவோ எனத் தடுமாறுபவன் வினவுவது பின்னது. அறியாத கட்டளையைக் கண்டவிடத்து ஒத்த பெயரொன்றைக் காட்டி, ‘இதனையோ கருதினீர்?’ எனக் கேட்கும் வசதி இன்றைய ஷெல்கள் சிலவற்றில் உண்டு. அது ஐய வினாவின் பாற்படும். ஆயினும் வினவுதலுக்கும் எல்லை வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் வினாவுக்கு வாசியாமலே ‘ஆம்’ என விடையிறுக்க மனிதர் பழகிவிடுவர். ஆதலின், மீட்கத்தக்க செயலில் ஊகிக்கலாம். மீட்கவியலாத செயலில் நின்று வினவுதல் வேண்டும் என்பதே கொள்ளத்தக்க அளவுகோலாகும்.

இயந்திரத்துக்கு அறமில்லை என்பர். அது மெய்யே. எனவேதான் பொறுப்பு முழுவதும் மொழியை வகுப்பவரைச் சாருகிறது. அவர் ஒருநாள் செய்யும் தெரிவு, பல்லாண்டுகளின் பின்னர், அவர் முகமறியாத ஒருவரின் உழைப்பைக் காக்கவோ அழிக்கவோ வல்லது. ‘அறியேன்’ என்னும் சொல்லை எங்கே வைப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். அதன் விலையைச் செலுத்துபவரோ வேறொருவர்.