பூமி அதிர்ந்தது, சுவர் கொன்றது



அருள்மறை குர்ஆனின் 99வது அத்தியாயத்திற்குப் பூமியதிர்ச்சியே பெயராக அமைந்திருக்கிறது. சூரத்துஸ் ஸில்ஸால் என்னும் அச்சிறிய சூராவை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். கியாமத்து நாளில் பூமி உலுக்கப்படும். தன் சுமைகளை வெளியே தள்ளும். தன் மீது மனிதன் செய்தவற்றை அதுவே எடுத்துரைக்கும். அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் அன்று கண்முன் வந்து நிற்கும் என்று அது எச்சரிக்கிறது.

அப்பெரும் அதிர்ச்சிக்கு முன் இவ்வுலகில் சிறிய அதிர்ச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை இங்கே சிந்திப்போம்.

மொரோக்கோ நாட்டின் கடற்கரை நகரம் அகாதிர். 1960 பிப்ரவரி 29, ரமளான் பிறந்து மூன்றாம் நாள். அன்று பகலிலேயே ஓர் அதிர்ச்சி உணரப்பட்டது. இரவு 11.40 மணி அளவில் மீண்டும் பூமி அதிர்ந்தது. சுமார் 15 விநாடிதான். அதற்குள் கஸ்பா என்னும் பழைய கோட்டைக் குடியிருப்பும், கீழே இருந்த ஃபூன்தி என்னும் பகுதியும் தரைமட்டமாயின. தல்போர்ஜ் பகுதியில் நின்ற வீடுகள் மிகச் சில. இறந்தோர் 12,000 முதல் 15,000 வரை என்று கணக்கிட்டார்கள். நகர மக்களில் மூவரில் ஒருவர்!

இவ்வளவுக்கும் அதன் அளவு 5.8 தான். பூகம்ப அறிஞர்கள் இதை நடுத்தர அதிர்ச்சி என்பார்கள். ஆனால் அது நகரின் அடியிலேயே, ஆழமில்லாத இடத்தில் பிறந்தது. மேலே இருந்தவையோ பலமற்ற சாந்தில் கல்லை அடுக்கிய வீடுகள். அதிர்ச்சியை எண்ணிப் பாராமல் எழுப்பிய மாடிக் கட்டடங்கள். 2011 ஆகஸ்ட் 23ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இதே 5.8 அளவில் பூமி அதிர்ந்தபோது ஓர் உயிரும் போகவில்லை. பெரிய நகரங்களை விட்டு விலகி அது நிகழ்ந்தது ஒரு காரணம். மரச்சட்டத்தில் கட்டிய வீடுகள் குலுங்கினாலும் எளிதில் சரியாதது மற்றொரு காரணம்.

இத்தகைய துயரச் செய்தி கேட்டவுடன் நம்மில் சிலர், "அந்த ஊரில் பாவம் பெருகிவிட்டது, அதனால்தான் அல்லாஹ் அழித்துவிட்டான்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இதைச் சொல்லும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தது யார்? நோன்பு நோற்று, ஸஹருக்கு எழும் எண்ணத்துடன் உறங்கச் சென்றவர்களும், தாயின் அணைப்பில் கிடந்த பச்சிளங் குழந்தைகளும் அந்த இடிபாட்டில் இருந்திருப்பார்களே! கட்டடம் இடிந்து விழுந்து இறக்கும் முஃமினைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்துச் சொன்னதாகப் புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வருகிறது. அத்தகையோரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு ஜனாஸா தொழுது அடக்குகிறோம். ஷஹீதின் நற்கூலியோ மறுமையில். நாயகம் அவர்களே ஷஹீத் என்று சிறப்பித்தவர்களை நாம் பாவிகள் என்று பழிக்கலாமா?

நபியவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்திற்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்திற்காகவும், எவருடைய பிறப்பிற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை. அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று விளக்கித் தொழுகையில் ஈடுபட்டார்கள் பெருமானார். எனவே பூமி அதிரும்போது அஞ்ச வேண்டியது நம் பாவத்தை எண்ணித்தான். அடுத்தவர் பாவத்தை எண்ணியல்ல. தவ்பாச் செய்வதும், துஆக் கேட்பதும், தனியாக நின்று தொழுவதும் அப்போது விரும்பத்தக்கவை என்று இமாம்கள் எழுதியுள்ளார்கள். ஆனால் இடிபாட்டில் ஒருவர் குரல் கேட்டால் தொழுகையை முறித்துக்கொண்டேனும் ஓட வேண்டும். உயிர் காப்பது முந்தியது.

வேறு சிலரோ, "எல்லாம் தக்தீர்; சுவர் எப்படி இருந்தால் என்ன?" என்பார்கள். இதுவும் மார்க்கமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபியின் உம்மத்தல்லவா நாம்? ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று ஹஸ்ரத் அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றியே தனிப்பகுதி உண்டு. தெருவின் பக்கம் சாய்ந்த சுவரை இடிக்குமாறு எச்சரித்தும், அவகாசம் இருந்தும், உரிமையாளர் இடிக்காமல் விட்டு, அது விழுந்து ஒருவர் இறந்தால் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது ஹனஃபி மத்ஹபு. சுவர் விழுந்தது விதிதான். ஆனாலும் கேள்வி உரிமையாளருக்கு உண்டு!

சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டும் மேஸ்திரியும், கம்பியில் மிச்சம் பிடிக்கும் காண்டிராக்டரும், ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்று மாடி எழுப்பச் சொல்லும் வீட்டுக்காரரும் இதைச் சிந்திக்க வேண்டும். அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று குர்ஆன் எச்சரிப்பது மளிகைக் கடைத் தராசுக்கு மட்டுமா? பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கட்டடம் எழுப்பும் ஜமாஅத்தார், மினாராவின் உயரத்தைப் பேசுமுன் தூணின் பலத்தைக் கேட்கட்டும். அங்கே கூடி அமர்வது நம் பிள்ளைகள்.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 1900 பிப்ரவரி 8ல் கோயமுத்தூர்ப் பகுதி அதிர்ந்தது. 2001 செப்டம்பர் 25ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்ச்சியைச் சென்னை மக்களும் உணர்ந்தார்கள்.

அகாதிர் மக்கள் அழுததோடு நிற்கவில்லை. மன்னர் ஐந்தாம் முஹம்மது அவர்கள், அழிவு விதியால் வந்தது, மீண்டும் கட்டுவது நம் ஈமானையும் உறுதியையும் பொறுத்தது என்ற கருத்தை முன்வைத்தார். பழைய நகருக்குத் தெற்கே, அதிர்ச்சியைத் தாங்கும் விதிமுறைகளோடு புதிய நகரம் எழுந்தது. விதியை ஏற்பதும் வேலையில் இறங்குவதும் ஒரே ஈமானின் இரு கைகள்.

வல்ல நாயன் இடிபாடுகளில் மாண்ட முஃமின்களுக்கு ஷஹீதுகளின் பதவியை அருள்வானாக! நம் நாவைத் தீர்ப்புக் கூறுவதிலிருந்தும், நம் கையை மோசடியிலிருந்தும் காப்பானாக! பூமி நம்மைப் பற்றிச் சாட்சி சொல்லும் நாளில் அதை நமக்குச் சாதகமாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.