வளர்பிறையா, தேய்பிறையா?



வாழ்க்கை நெறிகள் இரண்டு எனக் கூறாத அறநூல் இல்லை. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டப் புலவர்கள் ஒளியையும் இருளையும், அமுதையும் நஞ்சையும் எதிரெதிரே நிறுத்துவதுண்டு. சமண முனிவர்கள் அருளிய 400 வெண்பாக்களின் தொகுதியாகிய நாலடியார், சில இடங்களில் இதனினும் நுட்பமான முறையை மேற்கொள்கிறது.

பெரியோர் நட்புக்கு வளரும் பிறையையும், சிறியோர் தொடர்புக்குத் தேயும் மதியையும் உவமை கூறுகிறது ஒரு வெண்பா. திருக்குறளின் நட்பு அதிகாரத்திலும் இவ்வுவமை உண்டு. நாலடியாரின் மற்றொரு வெண்பா, கற்றறிந்தோர் நட்பை நுனியிலிருந்து கரும்பு தின்பதற்கும், அன்பிலார் தொடர்பை அடியிலிருந்து தின்பதற்கும் ஒப்பிடுகிறது. கடற்கரைத் தலைவனை விளித்துப் பாடப்பட்ட அப்பாட்டு, மீஞ்சூரிலும் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஊர்களிலும் வாழ்வோர்க்கு இன்னும் நெருக்கமாக ஒலிக்கும்.

இங்கே இரண்டு மதிகள் இல்லை, மதி ஒன்றே. இரண்டு கரும்புகள் இல்லை, கரும்பு ஒன்றே. வேறுபாடு பொருளில் இல்லை. செல்லும் திசையில் உள்ளது. அடியில் தொடங்கியவனுக்கு முதற்கடியே மிக இனிக்கும். பிறகு சுவை குன்றும். நுனியில் தொடங்கியவனுக்கோ, சுவை பின்னர்த்தான் ஏறும். ஆகவே, தொடக்கத்து இனிமையைக் கொண்டு நெறியை அளத்தல் தகாது.

ஏரிக்கரை மீனவர் பிறையைக் கொண்டு நீரோட்டத்தை அறிவர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி முகத்துவாரத்தில் ஏற்றவற்றம் மிகும். அட்டமியை ஒட்டித் தளரும். வலைத்தொழில் நம் கொல்லாமை நெறிக்கு உடன்பாடன்று. எனினும் நிலவை நாள்தோறும் நோக்கும் அவர்தம் கூர்மை நாம் கற்கத்தக்கதே. வளர்பிறை அட்டமியிலும் மதி பாதி. தேய்பிறை அட்டமியிலும் பாதி. ஒளியின் அளவு ஒன்றே. ஒன்று முழுமையை நோக்கியும் மற்றொன்று இருளை நோக்கியும் செல்வதை அடுத்தடுத்த இரவுகளே காட்டும்.

இவ்வுண்மையை மறந்தே நாம் பிறரை எடை போடுகிறோம். ஆலையில் இரவுப்பணி செய்யும் இளைஞன் ஒருவன், இரவுண்ணாமையை அட்டமியிலும் சதுர்த்தசியிலும் மட்டுமே காக்கத் தொடங்கியிருக்கலாம். முதியவர் ஒருவர், நெடுங்காலம் காத்த விரதங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அவ்விரு நாள்களில் மட்டும் காக்கும் நிலைக்கு வந்திருக்கலாம். இன்று இருவரும் பாதி மதியே. அவ்விளைஞனைக் "குறைவிரதி" என இகழ்ந்து திருப்பி அனுப்புவோமாயின், வளரும் பிறையை நாமே மறைத்தவர் ஆவோம். முதியவரின் பழம்பெருமையைப் புகழ்வதோடு நின்றுவிடின், அவர் தேய்வுக்கும் துணை போனவர் ஆவோம். இளைஞனுக்கு வேண்டுவது அரவணைப்பு; முதியவருக்கு வேண்டுவது அன்போடு கூடிய நினைவூட்டல்.

உயிர்கள் அனைத்தும் இயல்பில் அறிவொளி உடையன என்பதே அருகப் பெருமான் அறம். மறைப்பது வினை. வினை தேயுமாயின் ஒளி வளரும். வினை வளருமாயின் ஒளி தேயும். ஆகவே எவரையும் இருளென்று தள்ளுதற்கும் இடமில்லை. எவரும் தம்மை முழுமதியென்று எண்ணி இறுமாத்தற்கும் இடமில்லை.

வரும் அட்டமியில் உபவாசம் ஏற்கும் நாம், "எவ்வளவு ஒளி உண்டு?" என்று வினவுதலை விடுத்து, "சென்ற அட்டமியினும் வளர்ந்தோமா, தேய்ந்தோமா?" என்று நம்மையே வினவுவோமாக. விடை எதுவாயினும், நல்லோர் கேண்மையை நாடி நடப்போமாக.

அறம் வளர்க! அருள் பெருகுக!