ஓலையில் ஏறாத பெயர்கள்

உத்திரமேரூர் என்றதும் உள்ளம் பூரிப்போர் பலர். குடவோலை கண்ட ஊர்! மக்களாட்சியின் தொட்டில்! முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட எழுத்துக்கள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் நிற்கின்றன. புகழ் பொய்யன்று. எனினும், புகழ்வதோடு நில்லாமல் படித்தும் பார்ப்பதே பகுத்தறிவாளர் கடமை.

படிப்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் அமைத்தனர். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் இடமில்லை. மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவனுக்கும் இடமில்லை. இன்றைய உள்ளாட்சிகள் நாணிக் கற்க வேண்டிய விதிகள் இவை!

ஆனால், எவன் பெயர் ஓலையில் ஏறும்? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டியவன். வேதம் ஓதுவிக்க வல்லவன். வேதப் புலமை மிகுந்தால் அரைக்கால் வேலியே போதுமாம்! ஊர் பிரமதேயம், சபை பார்ப்பனர் சபை. ஏரியைத் தூர் வாரியவனும், நாற்று நட்டவளும் ஓலைக்கு வெளியே நின்றனர். மண்ணை உடையவனுக்கே சொல். மண்ணில் உழைத்தவனுக்கு இல்லை.

"அது பழங்கதை" என்பீர்கள். புதுக்கதையைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனத்திற்கு நிலம் எடுக்க 80 விழுக்காட்டுச் சம்மதம் கேட்கிறது. அரசும் தனியாரும் கூடிய திட்டத்திற்கு 70 விழுக்காடு. யார் சம்மதம்? நிலத்தை இழப்போரும், அரசிடம் நில ஒப்படை பெற்றோரும் தரும் சம்மதம். கூலி உழவரையும் குத்தகையாளரையும் 'பாதிக்கப்படும் குடும்பம்' என்று அதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. சம்மதக் கணக்கில் மட்டும் அவர்களைச் சேர்க்க மறுக்கிறது! கால் வேலி போயிற்று, பட்டா வந்தது, அளவுகோல் மாறவில்லை.

அதே காஞ்சி மாவட்டத்துப் பரந்தூரைப் பாருங்கள். விமான நிலையம் அங்கே என்று 2022இல் அறிவித்தனர். ஏகனாபுரம் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானங்களை மீண்டும் மீண்டும் நிறைவேற்றியது. நிலம் எடுக்கப்படுவதோ 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி. அதில் சம்மதக் கணக்கே கிடையாது. ஊர் கூடி 'வேண்டாம்' என்றாலும், அந்தச் சொல்லுக்குத் தடுக்கும் வலிமையைச் சட்டம் தரவில்லை.

"ஒவ்வொரு ஊரும் மறுத்தால் தொழில் வளர்வது எங்ஙனம்? கூலிக்காரன் மகனுக்கு வேலை ஏது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. நாம் ஆலைக்குப் பகைவர் அல்லர். சேரியும் ஊரும் பிரிந்து கிடக்கும் சிற்றூரைச் சொர்க்கமென வணங்குவோரும் அல்லர். கிராம சபையிலும் ஆதிக்கச் சாதியின் குரல் அடித்தவன் குரலை அமுக்கக்கூடும் என்பதை அறிவோம். ஆனால் அதற்கு மருந்து, எவரையும் கேளாதிருப்பதா? எல்லோரையும் கேட்பதா?

சொல்லுரிமை எதிலிருந்து பிறக்கிறது? உடைமையிலிருந்தா? இல்லை. முடிவின் விளைவைச் சுமப்பவனுக்கு முடிவில் பங்கு வேண்டும், அதுவே அறம். நிலத்தை இழப்பவன் கையில் இழப்பீடு வரும். அவன் வயலில் களையெடுத்தவள் நாளைக்கு எங்கே போவாள்? அறிவையும் எண்ணுங்கள். எந்தக் கால்வாய் எந்த ஏரிக்கு நீர் தரும், எந்த வயல் மழையில் மூழ்கும் என்பதை வரைபடத்தை விட, மதகு திறக்கும் நீர்க்கட்டி நன்கறிவான். அவனைக் கேளாமல் தீட்டிய திட்டம் அநீதி மட்டுமன்று, அறியாமையும் ஆகும்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது உண்டு. உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. கிராம சபை அங்கே கூடுவதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. செல்லுங்கள்! திட்ட வரைபடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். சேரிப் பெண்களைப் பேசச் செய்யுங்கள். சொன்னது சொன்னபடி தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழாதீர்கள். உழைப்போர் சம்மதத்தையும் சட்டம் எண்ண வேண்டுமென முழங்குங்கள்.

குடத்தைப் பெருமையோடு காட்டுவோர் காட்டட்டும். விடுபட்ட பெயர்களை ஓலையில் எழுதுவது நம் வேலை!