ஐஸ்லாந்தில் ஆட்சி ஏறியவர்கள் படும் பாடு

ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான அல்திங்கியில் மொத்தம் 63 இடங்கள். ஆட்சி அமைக்க 32 வேண்டும். 1944-இல் குடியரசான நாள் முதல் எந்தக் கட்சிக்கும் அந்த 32 தனியாகக் கிடைத்ததில்லை. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் பகிரும் முறை என்பதால், ஏறத்தாழ 4 லட்சம் பேரே வாழும் நாட்டில் பல கட்சிகள் அவைக்குள் வந்துவிடுகின்றன. தேர்தல் முடிந்த பிறகு அவர்களுக்குள் பேசி, இரண்டு மூன்று கட்சிகள் சேர்ந்து அரசு அமைக்கும். சேர்ந்தவர்களுக்கு அடுத்த தேர்தலில் என்ன ஆகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

வலதுசாரியான சுதந்திரக் கட்சி 1991 முதல் இடைவிடாமல் ஆட்சியில் இருந்தது. 2008 அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் சரிந்தன. அந்தக் குளிர்காலத்தில் மக்கள் நாடாளுமன்றத்தின் முன்னே சட்டியையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு நின்றார்கள். 2009 ஜனவரியில் பிரதமர் கேய்ர் ஹார்டேயின் அரசு விழுந்தது. பிறகு தனி நீதிமன்றம் அவரை விசாரித்தது. முக்கியமான விஷயத்தில் அமைச்சரவையைக் கூட்டவில்லை என்ற ஒரே குற்றம் 2012-இல் நிரூபணமாயிற்று. தண்டனை எதுவும் இல்லை.

அடுத்து வந்த யோஹன்னா சிகுர்தார்தோத்திர், தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் வாழ்ந்தபடியே ஒரு நாட்டின் அரசுக்குத் தலைமை ஏற்ற முதல் நபர். இடிந்த பொருளாதாரத்தை எடுத்து நிறுத்தும் பாரம் அவருடைய இடதுசாரி அரசின் தலையில் விழுந்தது. நிறுத்தியும் காட்டியது. ஆனாலும் 2013 தேர்தலில் அவருடைய சமூக ஜனநாயகக் கூட்டணி 20 இடங்களிலிருந்து 9-க்கு இறங்கியது.

வீட்டுக்கடனைக் குறைப்போம் என்று சொல்லி வென்றது முற்போக்குக் கட்சி. அதன் தலைவர் சிக்முண்டுர் டாவித் பிரதமரானார். 2016 ஏப்ரலில், வரிப்புகலிட நிறுவனங்களைப் பற்றிக் கசிந்த கோப்புகளான பனாமா ஆவணங்கள் வெளிவந்தன. வெளிநாட்டு வரிப்புகலிடத்தில் இருந்த விண்ட்ரிஸ் என்ற நிறுவனத்தைப் பற்றி ஒரு பேட்டியில் கேட்டதும், பதில் தடுமாறி, பாதியிலேயே எழுந்து வெளியேறினார். சரிந்த வங்கிகளிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் பட்டியலில் அவர் மனைவியின் அந்த நிறுவனமும் இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களோடு பேரம் பேச வேண்டிய அரசுக்குத் தலைமை தாங்கியவரோ அவர். பேட்டி ஒளிபரப்பான இரண்டே நாளில் பதவி போனது. அடுத்த தேர்தலில் கட்சி 19 இடங்களிலிருந்து 8-க்குச் சரிந்தது.

சுதந்திரக் கட்சியின் தலைவர் பியார்னி பெனடிக்ட்ஸன் 2017 ஜனவரியில் சரியாக 32 பேரை வைத்து அமைத்த அரசு செப்டம்பரைத் தாண்டவில்லை. சிறுவர்மீது பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்ற ஒருவருக்கு மீண்டும் நற்பெயர் வழங்கப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டிருந்தவர் பியார்னியின் தந்தை. இதைத் தங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று கூட்டாளிக் கட்சி ஒன்று விலகியது. விலகிய கட்சியும் தப்பவில்லை. அடுத்த தேர்தலில் அதற்கு ஓரிடம்கூட இல்லை.

பிறகு நடந்தது பலரும் எதிர்பாராதது. இடது பசுமை இயக்கத்தின் கத்ரின் யாகப்ஸ்தோத்திர், சுதந்திரக் கட்சியோடும் முற்போக்குக் கட்சியோடும் கைகோத்து 2017 நவம்பரில் பிரதமரானார். நாட்டுக்கு நிலைத்த அரசு வேண்டும் என்பதே அவர் சொன்ன நியாயம். பெருந்தொற்றுக் காலத்தை இந்த அரசு கடந்தது; 2021-இல் மூன்று கட்சிகளும் சேர்ந்து 37 இடங்கள் பெற்றன. ஆனால் உள்ளே பார்த்தால் ஆதாயம் முற்போக்குக் கட்சிக்கு, நஷ்டம் பிரதமரின் கட்சிக்கு: 11 இடங்கள் 8 ஆகியிருந்தன. இடதுசாரிகளின் வாக்கை வாங்கி வலதுசாரிகளோடு அமர்ந்ததற்கான கணக்கு அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். திமிங்கில வேட்டையிலும் புகலிடம் கோருவோர் விஷயத்திலும் கூட்டாளிகள் முட்டிக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில் கத்ரின் பதவியை விட்டு அதிபர் தேர்தலில் நின்றார். ஹல்லா தோமஸ்தோத்திரிடம் தோற்றார். மீண்டும் பிரதமரான பியார்னி அக்டோபரிலேயே கூட்டணியைக் கலைத்தார். நவம்பர் 30 தேர்தலில் இடது பசுமை இயக்கம் 8-லிருந்து பூஜ்யம் ஆனது.

அந்தத் தேர்தலில் 15 இடங்களோடு முதலிடம் பிடித்தது சமூக ஜனநாயகக் கூட்டணி. பொருளாதார வல்லுநரான அதன் தலைவி கிறிஸ்ட்ருன் ஃப்ரோஸ்தாதோத்திர் 36 வயதில் பிரதமரானார். ஓராண்டுக்கு மேலாக 9.25 சதவீதத்தில் நின்றிருந்த மத்திய வங்கியின் வட்டி அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது; வட்டி, வீடு, மருத்துவம் என்பதைத் தாண்டி அவர் அதிகம் பேசவில்லை. அந்த 15-உடன் கூட்டாளிகளான சீர்திருத்தக் கட்சியின் 11, மக்கள் கட்சியின் 10 சேர்ந்து 36 பேர். மூன்று கட்சிக்கும் பெண்களே தலைவர்கள்.

முதல் பெரிய சண்டை மீனில் வந்தது. பொதுச்சொத்தான மீன்வளத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தை உயர்த்த அரசு மசோதா கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகள் 160 மணி நேரத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2025 ஜூலையில் அவைத்தலைவர், 1959-க்குப் பிறகு யாரும் இப்படித் தொடாத 71-ஆம் விதியை எடுத்து விவாதத்தை முடித்துவைத்தார், மசோதா நிறைவேறியது. துணிச்சலான காரியம்தான். ஆனால் நாளை எதிர்வரிசையில் உட்கார நேர்ந்தால் அதே விதி இவர்கள்மீதும் பாயும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றி அதனோடு மீண்டும் பேசலாமா என்று 2027-க்குள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவோம் என்றும் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இவற்றுக்கெல்லாம் விலை எந்தக் கட்சியின் தலையில் விழும் என்பது, 2028-க்குள் நடந்தாக வேண்டிய பொதுத்தேர்தலில் தெரியும்.