முதலாளி தந்தையாகலாமா?

தொழிலாளர்கள் எம் பிள்ளைகள். தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே மூன்றாமவருக்கு என்ன வேலை? 1918ஆம் ஆண்டில் ஆமதாபாத் ஆலை முதலாளிகள் காந்தியடிகளுக்குத் தந்த மறுமொழியின் சாரம் இதுவே. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அதனைச் சற்றே சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

பிளேக் நோய்க்கு அஞ்சித் தொழிலாளர் ஊரைவிட்டுப் போய்விடாதிருக்க ஆலைகள் தனித்தொகை வழங்கிவந்தன. நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முனைந்தன. போரினால் ஏறிய விலைவாசியோ இறங்கவில்லை. நெசவாளர் 50 விழுக்காடு உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20க்கு மேல் இசையவில்லை. பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைக் கதவுகள் அடைபட்டன. நிலைமையை ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் என்றார், தொழிலாளரும் ஏற்றனர்.

ஆலை முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா. ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களுக்கே நியாயம் இருவேறாகத் தோன்றுமெனில், ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் ஆலையைக் குடும்பம் என்று சொல்லிவிட்டால் மட்டும் வழக்கு தீர்ந்துவிடுமா?

தந்தை தருவது கொடை. முதலாளி தருவது கூலி. கூலியைக் கொடையென்று அழைத்துவிட்டால், அதனைக் கேட்பவன் நன்றி கெட்டவனாகிவிடுகிறான். அவன் வாய் மூடிக்கொள்வதை நாம் அமைதியென்று எண்ணி ஏமாறுகிறோம்.

மார்ச் 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்றே நாளில், நடுவர் தீர்ப்புக்கு விட இரு தரப்பும் இசைந்தன. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் 35 விழுக்காடு, மறுநாள் 20, அதன்பின் தீர்ப்பு வரும்வரை 27½ என்று இரு சாராரின் மானமும் காக்கப்பட்டது. நடுவரான ஆனந்தசங்கர் துருவா ஆகஸ்டில் 35 விழுக்காடே தகுமெனத் தீர்ப்பளித்தார்.

எனினும், தம்மிடம் அன்பு கொண்ட முதலாளிகளைத் தம் நோன்பு நெருக்கிவிட்டது என்றும், அது குறையற்றதன்று என்றும் காந்தியடிகளே பின்னர் தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். அன்பின் பெயரால் வாயடைப்பது எப்படித் தவறோ, அப்படியே அன்பைக் கொண்டு நெருக்குவதும் தவறென அவர் உணர்ந்தார் போலும்.

தம் வழக்கிற்குத் தாமே நீதிபதியாக எவருக்கும் உரிமையில்லை. கடையானாலும் அலுவலகமானாலும் பணியாளரிடம் பரிவு காட்டுவோம், அது நற்குணம். ஆனால் அவர் முறையிடச் சார்பற்ற ஒரு செவியையும் வைப்போம், அது கடமை.