இடமில்லை

'இடமில்லை' என்பதை நாம் அளவு பற்றிய சொல்லாகவே எடுத்துக்கொள்கிறோம். பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் உண்டு; உள்ளே போக வேண்டிய பொருளுக்கும் உண்டு; இது அதில் போகாது. விஷயம் முடிந்தது. இதில் யாருடைய விருப்பமும் கலந்திருப்பதாகத் தெரிவதில்லை. சென்ற மார்கழியில் ஒரு காரில் சிதம்பரம் போய்வந்ததிலிருந்து எனக்கு இதில் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தீர்வு என்னிடம் இல்லை.

கார் நண்பருடையது. பழைய ஸான் ஸ்டார்ம். 1998இல் கோவாவில் செய்யத் தொடங்கிய வண்டி; ஃபைபர் உடல், 1149 ஸி.ஸி. ரெனோ எஞ்சின், மடித்துவிடக்கூடிய கூரை, இரண்டே ஸீட். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் அது வந்து நின்றால் பையன்கள் கூடிவிடுவார்கள். பெரியவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: 'இதில் குடும்பம் எப்படிப் போகும்?' இந்தக் கேள்வியை அசட்டுத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு ஸீட் வண்டி என்பது பெரும்பாலும் ஒரு குடும்ப வண்டியிலிருந்து எதையோ கழித்துப் பெறுவதுதான். தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் செய்தார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய, நான்கு பேர் உட்காரும் கௌரவமான கார். இங்கிலாந்தில் அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு ஸீட் வண்டியைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற ஒரே இத்தாலியர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. வெட்டியது எட்டரை அங்குலம். அதோடு பின் ஸீட் போயிற்று. வண்டலூரில் ஹெரால்ட் மட்டுமே செய்தார்கள், அந்தத் தம்பியைச் செய்யவில்லை. நம் ஊரில் பின் ஸீட்டை வெட்டிவிட்டு யாரிடம் விற்பது?

இப்படிப்பட்ட வண்டியில் சாமான் கட்டுவது ஒரு கலை என்றார் நண்பர். ஒப்புக்கொள்கிறேன். மேல்நாட்டில் பிரசித்தமான மாஸ்டா எம்எக்ஸ்-5இல், 2015இல் வந்த நான்காம் தலைமுறை வண்டிக்கே டிக்கியின் கொள்ளளவு 130 லிட்டர்தான். நம் கணக்கில் சொன்னால் கேன் தண்ணீரில் ஆறரை கேன். நண்பரின் வண்டியும் இதைவிடத் தாராளமாகத் தெரியவில்லை. கெட்டியான சூட்கேஸ் உதவாது. துணிப் பைதான், அதுவும் பெரிதாக ஒன்று என்றில்லாமல் சிறிதாக நாலைந்து. துணியை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். ஷூவுக்குள் காலுறை, காலுறைக்குள் சார்ஜர். கனமானது அடியில், வழியில் எடுக்க வேண்டியது கைக்கெட்டும் இடத்தில். ஸீட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் குடையும் மழைக்கோட்டும்.

முன்னாள் இரவு ஒரு மணி நேரம் இதைச் செய்தோம். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பரம சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்று சட்டை இரண்டாயிற்று, துண்டு போயிற்று, துண்டு போனதில் வேறொன்று உள்ளே வந்தது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து 'நீ வேண்டுமா?' என்று கேட்க நேர்ந்தது. வீட்டில் இருக்கும் பொருள்களை நாம் இப்படிக் கேட்பதேயில்லை. தோரோ வால்டனில் தன் மேஜைமேல் இருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களைத் தூசி தட்டச் சலித்து வெளியே எறிந்ததாக எழுதுகிறான். கல்லூரியில் அதைப் படித்தபோது வராத புரிதல் அன்று வந்த மாதிரி இருந்தது. எல்லை ஒரு சுதந்திரம் என்று நண்பரிடம் பிரசங்கம்கூடச் செய்தேன்.

அம்மா அப்போதுதான் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். நார்த்தங்காய் ஊறுகாய். வாயைத் துணியால் கட்டியிருந்தாள். அக்காவுக்கு, சிதம்பரத்துக்கு.

"இடமில்லம்மா" என்றேன்.

"எனக்குத்தான் எடமில்ல. இதுக்குமாடா இல்ல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்தபடியேதான் சொன்னாள். டிக்கியைத் திறந்து காண்பித்தேன். எட்டிப் பார்த்தாள். ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிதம்பரத்தில் அக்கா, "அம்மா ஒண்ணும் குடுத்தனுப்பலையாடா?" என்று கேட்டதற்கும் அதையே சொன்னேன். கார் வாசலில் நின்றது. அவளும் போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா, இதுல எங்க வைக்கிறது" என்றாள். என் சாட்சியம் இரண்டு முறையும் ஏற்கப்பட்டது.

திரும்பிவந்து பைகளைப் பிரித்தபோது நான்கு புத்தகங்கள் வெளியே வந்தன. எழுத வேண்டிய ஒரு கட்டுரைக்காக எடுத்துப் போனவை. இரண்டு நாளில் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஜாடியை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஆக, நான் சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. புத்தகங்கள் உள்ளே இருக்கும்வரை ஜாடிக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் புத்தகங்களை முதலில் வைத்தது யார்? 'இடமில்லை' என்ற வாக்கியம் இந்தக் கேள்வியை எழவிடாமல் செய்கிறது. அதில் எழுவாயாக நிற்பது இடம், ஆள் இல்லை. 'நான் வைக்கவில்லை' என்றால் ஏன் என்று கேட்கலாம். 'இடமில்லை' என்றால் டிக்கியைத்தான் பார்க்க முடியும். வங்கியில் நான் நாளுக்குப் பத்து முறை சொல்லும் வாக்கியமும் இந்த ஜாதிதான்: 'ஸிஸ்டம் எடுத்துக்கல.' எதிரே நிற்கும் கிழவர் என்னிடம் கோபித்துக்கொள்ள வழியில்லாமல் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்ப்பார். பாதி சமயம் அது உண்மை. மீதி சமயம் இன்னொரு முறை தட்டிப் பார்த்தால் எடுத்துக்கொள்ளும்.

நம் வட்டத்திலும் இது உண்டு. சிறுபத்திரிகைக்குப் பக்கம் குறைவு. அதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திருப்பியனுப்பும் கவிதையோடு 'பக்கமில்லை' என்று எழுதுகிறோம். 'பிடிக்கவில்லை' என்பதைவிட அது மரியாதையாகப் படுகிறது. உண்மையில் அது மரியாதைக் குறைவு. பிடிக்கவில்லை என்றால் எழுதியவன் சண்டை போடலாம். பக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவான்? கவிதைக்குள்ளும் இதே கதை. சொற்சிக்கனத்தை எப்போதும் ஒரு குணமாகவே பேசிவந்திருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். வெளியே விட்டதைக் கையிலெடுத்து எடை பார்த்தபின் விட்டானா, அல்லது கவிதை சின்னது என்பதையே காரணமாக்கிப் பார்க்காமலே விட்டானா என்று நாம் கேட்பதில்லை. இரண்டும் அச்சில் ஒரே நீளம்தான் இருக்கும்.

எல்லை ஒரு சுதந்திரம் என்ற என் பிரசங்கத்துக்கு வருகிறேன். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கையிலெடுத்த பணமும் நகையும்கூட வழியில் பறிபோயின. ஐந்து வருஷம் கழித்து, 1995 அக்டோபர் கடைசியில், ராணுவம் நெருங்கிவர, புலிகளின் உத்தரவுப்படி வலிகாமத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஓர் இரவில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களும் சாமான் கட்டினார்கள். சைக்கிள் கேரியர் என்பது 130 லிட்டரைவிடச் சிறிய இடம். அவர்களும் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து 'நீ வேண்டுமா?' என்று கேட்டிருப்பார்கள். அதில் விடுதலை கண்டதாக யாராவது சொன்னால் அவன் வாயில் அடிக்க வேண்டும். செயல் ஒன்றே, விரல்களின் அசைவும் ஒன்றே. நான் விட்டுவந்தது திரும்பிவரும்போது இருந்த இடத்திலேயே இருக்கும். அவர்களுக்கு அப்படி இல்லை. என் துறவு முழுவதும் வீடு பூட்டியிருக்கிறது என்ற தைரியத்தின்மேல் நிற்கிறது. வீட்டைப் பூட்டி உள்ளே இருந்தது அம்மா.

நான் குடியிருக்கும் ஊரின் பெயரால் இன்னொரு பயணம் ஞாபகம் வருகிறது. பாரதத்தின் கடைசியில் தருமன் அஸ்தினாபுரத்தைவிட்டு எல்லாவற்றையும் துறந்து கிளம்புகிறான். சாமான் எதுவுமில்லை. தம்பிகள், திரௌபதி, பின்னாலேயே வந்த ஒரு நாய். வழியில் திரௌபதி விழுகிறாள். பிறகு தம்பிகள் ஒவ்வொருவராக. அவன் நடக்கிறான். மிச்சம் நாய். இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். நாய் கூடாது என்கிறான். அவன் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: நாயோடு வருகிறவர்களுக்கு சொர்க்கத்தில் இடமில்லை. இந்திரனும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறான். மனைவியையும் தம்பிகளையும் விட்டவன் நாயை விடுவதற்கு என்ன என்றும் மடக்குகிறான். தருமனின் பதில், செத்தவர்களை நான் பிழைக்கவைக்க முடியாது, உயிரோடு இருந்தவரை அவர்களை விடவில்லை என்பது.

இதை விசுவாசத்தின் கதையாக நாம் சொல்லிவருகிறோம். எனக்கு இப்போது வேறாகப் படுகிறது. தருமன் இடத்தைப் பற்றி வாதாடவே இல்லை. தேர் பெரிதுதான், ஓரமாக உட்காரும், என் காலடியில் படுத்துக்கொள்ளும் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. இடம் பற்றிய பேச்சை ஆள் பற்றிய பேச்சாக மாற்றிவிடுகிறான்: நான் விட மாட்டேன். 'நான்' என்ற அந்த எழுவாய் வந்ததும் இந்திரனின் வாக்கியம் நிற்க இடமில்லாமல் போகிறது.

அந்த நாய் தருமதேவதை என்று தெரியவருவது கதைக்குச் சௌகரியம். ஊறுகாய் ஜாடிக்குள்ளிருந்து யாரும் வரப்போவதில்லை. அது தெரிந்துதான் நாம் துணிகிறோம்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சார், ஒரு ஜாடிக்கு இவ்வளவா? அடுத்த தடவை மடியில வெச்சுக்கங்க" என்றார். மடி என்று ஒன்று இருப்பது அந்த இரவு எங்கள் கணக்கில் வரவேயில்லை. எந்தக் கம்பெனியின் கொள்ளளவுக் கணக்கிலும் அது வராது.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். திரும்பும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஜாடியையும் எடுத்துக்கொண்டு, தாம்பரத்தில் பஸ் ஏறினாள். இரவு அம்மா போன் செய்தாள். போய்ச் சேர்ந்தாயிற்று, ஜாடி பத்திரம், பஸ்ஸில் விழுப்புரம்வரை நிற்கக்கூட இடமில்லை என்றாள்.