விடுதலையும் பழியும்

இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டிக்காக இலங்கை அணியுடன் சென்றிருந்த தனுஷ்க குணதிலக்க, 2022 நவம்பரில் சிட்னி நகரில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். 2023 செப்டெம்பர் 28இல் நீதிபதி சாரா ஹகெட் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளித்து விடுவித்தார். செய்தி எட்டியதும் நம் அட்டன் தேநீர்க்கடைகளிலும் அப்பெண்ணைப் பொய்க்காரி என்னும் பேச்சு எழுந்தது.

விடுதலையை நாம் மதிக்கிறோம். ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு எவரையும் தண்டித்தலாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்ட இளைஞரை அறிந்த மலையகத்துக்கு இந்நெறியின் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

ஆயின், அந்நெறி ஒருவருக்கு மட்டுமே உரிய சலுகையா? மன்று விசாரித்தது அவர்மீதான குற்றச்சாட்டையே. பொய்யுரைத்தார் என்று அப்பெண்மீது எவ்வழக்கும் தொடுக்கப்படவில்லை. 'குற்றம் நிரூபணமாகவில்லை' என்பது வேறு. 'புகார் பொய்யென நிரூபணமாயிற்று' என்பது வேறு. நிரூபிக்கும்வரை நிரபராதி என்னும் உரிமை ஆணுக்கு உண்டெனில் பெண்ணுக்கும் உண்டன்றோ?

தேநீர்க்கடைப் பேச்சு லயத்து வாசலிலும் கேட்கிறது. மேற்பார்ப்பவனின் அத்துமீறலை எவரிடம் சொல்வதென அறியாது மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதைக் கேட்கிறாள். வழக்குத் தோற்றால் புகார் செய்தவளே குற்றவாளி என்பதுதான் அவள் அதிலிருந்து கற்கும் பாடம். அப்பாடம் பதிந்தபின் அவள் வாய் திறப்பாளா?

நீதிமன்றம் ஒருவரை விடுவித்தது. விசாரணையின்றி மற்றொருவரைத் தண்டிக்கும் உரிமையை அது நமக்கு வழங்கவில்லை. வகுப்பறையில் நாம் உரக்கச் சொல்ல வேண்டியது இதுவே.